அப்பாயி வைத்த மல்லிகை

மீன்சுருட்டிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு எழுப்பும்போது, வாசலோரத்து மல்லிகைதான் முதலில் பலியாகிறது. அதை வைத்தது பெரும்பாலும் அந்த வீட்டு அப்பாயியோ அம்மாயியோதான். அவர் போன பிறகும் அவர் கைபட்டு உயிரோடு நிற்பது அது ஒன்றுதான். ‘நர்சரியில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் செடியையே புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு குச்சி போதும்.

முந்திரி விளையும் ஜெயங்கொண்டம் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டை போட்டு முளைத்த முந்திரி தாய்மரம்போலக் காய்க்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வரை போய் ஒட்டுக்கன்று வாங்குகிறோம். விதையில் இரண்டு செடிகளின் குணம் கலக்கிறது. குச்சியிலோ ஒட்டிலோ வருவது தாய்ச்செடியின் தொடர்ச்சி. அதே பூ, அதே மணம்.

குண்டுமல்லி விதை பிடிப்பதே அபூர்வம். நாம் பறிக்கும் மல்லிகை எல்லாமே யாரோ ஒருவர் ஒடித்து ஊன்றிய குச்சியின் வழிவந்தவைதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லித் தோட்டங்களுக்கும் நாற்று ஏராளமாகப் போவது ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து. அங்கே மணற்பாங்கான நிலத்தில் குச்சி ஊன்றி வேர்பிடிக்கவைத்து, கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள்.

வீட்டில் செய்வதும் அதே வேலைதான். இளந்தளிரும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய தண்டு வேண்டும். மூன்று, நான்கு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்குள் வெட்டுங்கள். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். வேர் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி விடுங்கள். வேரில்லாத குச்சியால் போதிய நீர் உறிஞ்ச முடியாது. இலையோ நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். குச்சி காய்ந்துபோவது இதனால்தான்.

மணல் தூக்கலாகக் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையுமாறு ஊன்றி, மேலே பாலித்தீன் பை கவிழ்த்து, நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. துளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தண்டில் மிச்சமிருக்கும் சத்தை வைத்தே துளிர் வந்துவிடும், வேர் பின்னால்தான் வரும். ஒன்றரை, இரண்டு மாதம் பொறுக்கத்தான் வேண்டும்.

குச்சியை நம்பப் பயமாக இருந்தால் பதியம் போடுங்கள். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவில் லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து மேலே கல் வைக்க வேண்டும். வேர்விடும்வரை தாய்ச்செடியே ஊட்டும் என்பதால் தவறுவது குறைவு.

மணி பிளாண்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை; கணுவோடு வெட்டித் தண்ணீரில் போட்டாலே வேர்விடும். பசிபிக் கடலின் மொரியா தீவில் தோன்றிய அந்தக் கொடி வளர்ப்பில் பூப்பதே இல்லை எனலாம். அது உலகம் சுற்றியது முழுக்க வெட்டிய துண்டுகளாகத்தான்.

வெட்டிய கிளையில் தாய்மரம் தொடரும் என்பதன் ஆகப்பெரிய சான்று இலங்கையின் அனுராதபுரத்தில் நிற்கிறது. புத்தகயாவின் போதி மரத்துக் கிளையைப் பிக்குணி சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுவந்ததாக மகாவம்சம் என்னும் பழைய இலங்கை நூல் சொல்கிறது, காலம் பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டு. புத்தகயாவில் பழைய மரம் 1876இல் புயலில் சாய்ந்தது. இப்போது அங்கிருப்பது பிறகு நட்டது. அனுராதபுரத்து அரசமரமோ இன்றும் துளிர்க்கிறது. ஒரே இடத்தில் இருந்திருந்தால் அந்த மரத்தின் கதை என்னவாகியிருக்கும்?

ஆகவே வீட்டு வேலை தொடங்கிய பிறகு மல்லிகையைத் தேடாதீர்கள். ஆடி பிறந்து வெயில் தணிந்ததும், செடி நன்றாக இருக்கும்போதே பத்துக் குச்சி ஊன்றுங்கள்; சில பட்டுப்போகும். தேறியதில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றதை அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போனால் அவர்களிடம் போய் ஒரு குச்சி கேட்கலாம்.