மருத்துவராக விரும்பும் பிள்ளைகளுக்கு

நோயுற்ற தாய்க்கோ தந்தைக்கோ துணையாக இங்கு வந்து தங்கும் பிள்ளைகளுள் சிலர், தாமும் மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகின்றனர். தமிழ்நாட்டில் அதற்குரிய தகுதிகளைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். முதல் மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்குள் 17 வயது நிறைவுற வேண்டும். 720 மதிப்பெண்களுக்கான நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

நீட் தேர்ச்சி மட்டும் இடம் பெற்றுத் தராது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு, மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவிடம் உரிய காலத்தில் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். இதனைத் தவறவிட்டால் பெற்ற மதிப்பெண் அவ்வாண்டில் அங்கே பயன்படாது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு 2020ஆம் ஆண்டின் சட்டம் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியுள்ளது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதலின் சிகிச்சைக்காக ஊர் மாறும் குடும்பத்தார், இயன்றவரை பிள்ளையைப் புதிய ஊரிலும் அரசுப் பள்ளியிலேயே சேர்க்க. விட்டு நீங்கும் பள்ளியில் படிப்புச் சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் அன்றே பெற்றுக்கொள்க. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றமையால் பிள்ளையின் உரிமை நழுவிவிடலாகாது.