வசாய்: கோட்டையும் கிணறும்

மும்பை மாநகரில் வாழும் நம் தமிழ் மக்களுள் பலர், வீட்டு வாடகையின் பளுவைத் தாங்க இயலாமல் வடக்கு நோக்கிக் குடிபெயர்ந்து வருதலை நேயர்கள் அறிவர். சர்ச்கேட்டில் புறப்படும் மின்சார வண்டி, பயந்தர் நிலையத்தைக் கடந்ததும் அகன்ற கடற்கழியின் மீது அமைந்த நீண்ட பாலத்தில் ஓடுகிறது. அக்கரையில் முதலில் நைகாவ்; அடுத்தது வசாய் ரோடு. சர்ச்கேட்டிலிருந்து இதன் தொலைவு ஏறக்குறைய 52 கிலோமீட்டர். குஜராத்திலிருந்து திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் செல்லும் வண்டிகள் சில இங்கே நின்று செல்வது நம்மவர்க்கு மற்றொரு வசதி.

பகலெல்லாம் மும்பையில் உழைத்து, இரவில் உறங்குவதற்கு வந்து சேரும் ஊர் என்றே பலர் வசாயை எண்ணுகின்றனர். ஆயின் மும்பை ஒரு நகரமாக உருவெடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே புகழ் பெற்றிருந்த நிலம் இது.

வசாய்க்கு அருகிலுள்ள சோபாரா, பண்டை நாளில் சூர்ப்பாரகம் என்னும் பெயருடைய துறைமுகமாக விளங்கியது. அசோகரின் எட்டாம் பாறைச் சாசனத்தின் துண்டு ஒன்று 1882-ஆம் ஆண்டில் அங்கே கிடைத்தது. அவ்வாண்டிலேயே பகவான்லால் இந்திரஜி என்னும் அறிஞர் ஒரு பௌத்தத் தூபியையும் அகழ்ந்து கண்டார். இன்று நாலா சோபாரா நிலையத்தில் நெருக்கியடித்து ஏறுவோருள் எத்தனை பேர் இதை அறிவர்?

1534-ஆம் ஆண்டில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயைப் போர்ச்சுகீசியரிடம் ஒப்படைத்தார். மும்பைத் தீவுகளும் அந்த உடன்படிக்கையிலேயே கைமாறின. வசாய்க் கோட்டை, போர்ச்சுகீசியருடைய வட மாகாணத்தின் தலைநகரமாயிற்று. இந்தியாவில் பிறந்து முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்ற கொன்சாலோ கார்சியா இவ்வூரினர். 1597-இல் ஜப்பானிலுள்ள நாகசாகியில் அவர் உயிர் துறந்தார். 1862-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1739-ஆம் ஆண்டு மே மாதத்தில், பேஷ்வா முதலாம் பாஜிராவின் இளவல் சிமாஜி அப்பா கடும் முற்றுகைக்குப் பின் கோட்டையைக் கைப்பற்றினார். 1802-ஆம் ஆண்டின் இறுதி நாளில் இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டதும், மராத்தியர் ஆட்சியின் வீழ்ச்சிக்கு வழி வகுத்ததும் இவ்வூரின் பெயராலேயே வரலாற்றில் வழங்குகின்றன. இன்று கூரையிழந்த தேவாலயங்களின் சுவர்களை ஆலும் அரசும் வேர்களால் பற்றி நிற்கின்றன. கோட்டையின் அருகே மீனவர் பம்பில் மீனைக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்துகின்றனர்.

எனினும் வசாயின் உண்மையான செல்வம் கோட்டை அன்று, கிணறே ஆகும். நிலையத்திற்கு மேற்கே கடலோரம் வரையில் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் மலர்த் தோட்டங்களும் தலைமுறை தலைமுறையாகச் செழித்து வந்தன. இராஜேளி என்னும் வாழைப்பழத்தை உரித்து வெயிலில் உலர்த்திச் ‘சுகேளி’ ஆக்குவது இப்பகுதியின் தனிக் கைத்திறன். கடலருகே இத்துணை நன்னீர் எங்ஙனம் வந்தது? மழைநீர் மணலில் இறங்கித் தங்குகிறது. அது கடல்நீரைவிட இலேசானதாகையால், நிலத்தடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நிலநீர் நூலோரின் கணக்குப்படி, கடல் மட்டத்திற்கு மேல் நிற்கும் நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலெழும். ஆகவே அளவின்றி இறைத்தால் கிணறு வற்றுவதோடு நில்லாது, உவராகியும் போகும்.

கட்டடங்கள் பெருகிய காலத்தில், தோட்டக் கிணறுகளின் நீர் லாரி லாரியாக வெளியே சென்றது. அதனைக் கண்டு கிராம மக்கள் கொதித்தெழுந்தனர். ‘ஹரித் வசாய்’, அதாவது பசுமை வசாய் என்னும் இயக்கத்தில் முன்னின்றவர் கத்தோலிக்கப் பாதிரியாரான பிரான்சிஸ் தீபிரிட்டோ. மராத்தி எழுத்தாளராகிய அவர், 2020-ஆம் ஆண்டில் உஸ்மானாபாதில் நடைபெற்ற அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார், 2024-இல் மறைந்தார். இங்குள்ள பழங்குடிக் கிறித்தவர்களின் தாய்மொழி மராத்தியே என்பதற்கு அவரே சான்று.

2009-ஆம் ஆண்டில் வசாய், விரார், நாலா சோபாரா, நவ்கர்–மாணிக்பூர் ஆகிய நான்கு நகரசபைகளையும் பல கிராமங்களையும் இணைத்து ஒரு மாநகராட்சி அமைக்கப்பட்டது. தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று போராடிய கிராமங்களும் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை 12 இலட்சத்தைத் தாண்டியது. குடிநீருக்குச் சூர்யா ஆற்றின் அணையைப் பெரிதும் நாட வேண்டியதாயிற்று. மழைநீரை ஏந்தி நின்ற தாழ்நிலங்கள் பலவும் கட்டடங்களாயின. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் தண்டவாளங்கள் நீரில் மூழ்கி இரயில்கள் நின்றபோது, அந்நிலங்களின் அருமை அனைவருக்கும் விளங்கியது.

இந்நகருக்கு வந்தோர் பலருள் நாமும் ஒரு சாரார். வீடு தேடி வருவது குற்றமன்று. ஆயினும் வாங்கும் வீட்டின் விலையை மட்டுமன்றி, அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர் எவ்வழியே வடிகிறது என்பனவற்றையும் கேட்டறிதல் நம் கடமை. கூரையில் விழும் மழையை நிலத்தில் இறக்குவதும் நம்மால் ஆவதே. ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த மரபினர் நாம். தங்க இடம் தந்த ஊரின் கிணறு இனிப்பாகவே இருக்கக் காப்பது, நாம் அவ்வூருக்குச் செலுத்தும் நன்றியாகும்.