வாயில் திறந்தது, வாய் திறக்கட்டும்!

"சம்மட்டி பிடித்த கைக்குப் பட்டம் எதற்கு?" என்று நேரில் கேட்க அஞ்சுவோர், "அது நடவாத காரியம்" என்று நாகரிகமாகச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் சொன்னார்கள்! வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டிலிருந்தபடியே, பல்கலைக் கழகப் பாடம் படிக்கலாம் என்ற திட்டத்தைத் தொழிற்கட்சி ஆட்சி கொண்டுவந்தபோது, கன்சர்வேடிவ் முகாமிலிருந்து எள்ளல் எழுந்தது. எள்ளியவர் ஓய்ந்தனர், திட்டம் நின்றது. 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1971-ல் பாடம் தொடங்கிற்று. அதற்காக வாதாடி வென்ற அமைச்சர் யார்? ஜென்னி லீ! ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்! "முன்பு எந்தத் தேர்வில் தேறினாய்?" என்பதல்ல அங்கே கேள்வி. படிக்க மனமுண்டா? வா, உள்ளே!

வாயில் திறந்தது. மகிழ்ந்தோம். ஆனால், தோழர்களே, வாயில் திறந்தால் மட்டும் போதுமா?

வகுப்பறையில் இருப்பவன் ஐயம் வந்தால் கை தூக்குகிறான், பக்கத்துப் பலகைக்காரனோடு வாதாடுகிறான், வாதாடும்போதே தெளிகிறான். தொலைவிலிருந்து படிப்பவன் நிலை என்ன? தபாலில் பாடம் வருகிறது. தபாலில் விடை போகிறது. இடையே எழும் ஐயத்தை யாரிடம் சொல்வான்? எதிரே நிற்கும் சுவரிடமா?

ராபன் தீவை எண்ணிப் பாருங்கள். அந்தத் தீவுச் சிறையிலிருந்து நெல்சன் மண்டேலா, லண்டன் பல்கலைக் கழகத்தின் சட்டப் படிப்பை அஞ்சல் வழியே படித்தார். 1989-ல், விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பட்டம் அவருக்குக் கிட்டிற்று. ஆனால், அந்தச் சிறைவாசிகளை வளர்த்தது தபால் மட்டுமா? சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியில், வேலைக்கு நடுவே, கற்றவர் கல்லாதவருக்குக் கற்பித்தனர். கருத்து மாறுபட்டோர் சொற்போர் நடத்தினர். வதைப்பதற்கென்று வெட்டிய குழி, வாதிடும் கழகமாயிற்று!

குழியில் கூடிநின்றவர் வாதிட்டனர். கடலுக்கு அக்கரையில் தனித்திருப்பவன் யாரோடு வாதிடுவது? அதற்கும் வழி பிறந்தது. 1988-ல் அதே இங்கிலாந்துப் பல்கலைக் கழகம், கனடாவில் உருவான கணினி ஏற்பாட்டைக் கொண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைத் தொலைபேசிக் கம்பி வழியே எழுத்தால் விவாதிக்க வைத்தது. பின்னர் இணையம் பரவிற்று. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் கட்டணமின்றி நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் பெயர் கொடுத்தவர் ஏறத்தாழ 1,55,000 பேர்! 194 நாட்டவர்! அமெரிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாதான்; 13,000-க்கு மேற்பட்டோர்! எல்லோரும் எழுதி விவாதிக்க ஒரே மன்றம். ஒருவன் இரவு ஷிப்டு முடித்துக் கேள்வியை எழுதிவிட்டு உறங்கலாம். அவன் எழுவதற்குள், உலகின் மறுகோடியில் விழித்திருக்கும் இன்னொருவன் விடை எழுதி வைக்கலாம். என்னே வாய்ப்பு!

இனி, கணக்கைக் கேளுங்கள். இறுதியில் தேறிச் சான்றிதழ் பெற்றவர் 7,157 பேர். பெயர் கொடுத்தவர்களில் அந்த மன்றத்தில் பங்கு கொண்டவர் நூற்றுக்கு 3 பேர்தான்! தேறியவர்களிலோ, நூற்றுக்கு 52 பேர்!

"பேசியதால் தேறினார்களா, தேறக்கூடியவர்கள் பேசினார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயரைப் பதிந்துவிட்டுப் பாடத்தைப் புரட்டியே பாராதவரும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே, மௌனம் ஒன்றே வீழ்த்தியது என்று நாம் அடித்துப் பேசவில்லை. ஆனால், பேசாதிருந்த பெருங்கூட்டத்தில், பேச அஞ்சியவன் ஒருவனும் இல்லையா?

அவனை நாம் அறிவோம். விடை தெரியும் அவனுக்கு, ஆங்கிலம் தடுக்கிறது. கேள்வி இருக்கிறது; 'இதுகூடத் தெரியாதா?' என்ற ஏளனத்துக்கு அஞ்சுகிறான். எழுத்து மன்றத்தில் கிழிந்த சட்டை தெரியாது என்பார்கள். உண்மை! ஆனால், தட்டுத் தடுமாறும் மொழி தெரியுமே! பள்ளி வாசலில் அன்று அவன் தந்தையைத் தடுத்தது காசு. மன்றத்து வாசலில் இன்று மகனைத் தடுப்பது கூச்சம்.

கல்வி நடத்துவோரைக் கேட்கிறோம்: ஆயிரம் பேரை ஒரே மன்றத்தில் அடைத்துவிட்டு, 'பேசிக்கொள்ளுங்கள்' என்று போய்விடுவதா கற்பித்தல்? சிறு சிறு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கோர் ஆசானை அமர்த்துங்கள். பேசாதவனைப் பெயர் சொல்லி அழைக்கட்டும். ஏளனம் செய்பவனை அடக்கட்டும். தாய்மொழியில் வாதாடவும் இடம் கொடுங்கள். தெளிந்த கருத்தைப் பிறகு எந்த மொழியிலும் எழுதுவான்.

வேலை முடிந்து வந்து, கைபேசி வெளிச்சத்தில் கடல் கடந்த பாடத்தைப் படிக்கும் தோழனே, உனக்கும் ஒரு சொல். பாடத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாதே. இன்றிரவே ஒரு கேள்வி எழுது. இலக்கணம் இடறட்டும், எழுது! பிழையோடு பேசுபவன் பிழையைத் திருத்திக்கொள்வான். பேசாதே இருப்பவனுக்குத் தன் பிழை எதுவென்றே தெரியாது. உன் கேள்வியைப் படித்து, எங்கோ ஒரு நாட்டில், உன்னைப்போலவே அஞ்சிக் கிடந்த ஒருவன் 'எனக்கும் இதே ஐயந்தான்' என்று எழுதுவான்.

வாயிலைத் திறக்கப் பலர் போராடினார்கள். வாயைத் திறக்க வேண்டியவன் நீ!