புண் ஆறினால் நோய் போய்விட்டதா?
மேக நோயும் நாட்டு வைத்தியமும்



இந்த முறை நான் எழுதப்போகிற விசயம் பெரட்டுக்களத்தில் பேசுகிற விசயம் அல்ல. லயத்து வாசலிலும் யாரும் வாய் திறந்து கதைக்க மாட்டார்கள். ஆனால் மலைக்குள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்கள் தனியே நின்று கதைக்கும்போது இந்தக் கதை வரும். "வெள்ளை படுது", "நீர்க்கடுப்பு", "வெட்டைச்சூடு", "மேகப்புண்" என்று பல பெயர் சொல்வோம். இவற்றில் சில வெறும் சூடு, சில சாதாரண சிறுநீர்க் கிருமி. சிலதோ உடலுறவால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் பாலியல் நோய். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஊர்காவற்றுறையில் கண்டது

நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில். எங்கள் ஊர்ப் பரியாரியார் வீட்டுக்குப் பகலில் காய்ச்சல்காரரும் முறிவுக்காரரும் வருவார்கள். பொழுதுபட்ட பிறகு வேறு சிலர் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். சின்னப் பிள்ளைகளான எங்களுக்குக் காரணம் தெரியாது. கடற்கரை மணலில் படர்ந்திருக்கும் ஆனைநெருஞ்சில் செடியைப் பிடுங்கிக்கொண்டு வரச்சொல்லி எங்களைத்தான் அனுப்புவார். அந்தத் தழையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கொழகொழவென்று ஆகிவிடும். வெட்டைக்கும் நீர் எரிச்சலுக்கும் அதைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்தவருக்கு எரிச்சல் குறையும். அதை நான் மறுக்கவில்லை.

இந்த நோய்க்கும் எங்கள் ஊர் மாதிரியான துறைமுகங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. "கயிட்ஸ்" என்ற பெயரே துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்ததுதான். போர்த்துக்கேயர் 1498 இல் கள்ளிக்கோட்டைக்கும் 1505 இல் இலங்கைக்கும் வந்தார்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டுகளில் கப்பலோடு நாடு நாடாய்ப் போன நோய்களில் ஒன்று சிபிலிஸ், அதாவது கிரந்தி. 16 ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூலில் இதற்குப் "பிரங்க ரோகம்", அதாவது பறங்கியர் நோய், என்று பெயர் வைத்தார்கள். நோயுள்ளவரோடு சேர்வதால் இது தொற்றுகிறது என்பதையும் அந்தக் காலத்திலேயே கண்டு எழுதிவைத்தார்கள். மருந்தாகச் சீனத்துக் கிழங்கான பறங்கிப்பட்டையையும் பாதரசத்தையும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வைத்திய நூலான பரராசசேகரத்திலும் மேகரோகத்துக்குத் தனிப்பகுதி உண்டு. ஆனால் பழைய நூல்களில் மேகம் என்ற சொல் நீரிழிவு போன்ற வேறு நோய்களையும் சேர்த்துக் குறிக்கும். ஆகவே "மேகத்துக்கு மருந்து" என்றால் எல்லாம் பாலியல் நோய்க்கு மருந்து என்று எண்ணிவிடக்கூடாது.

ஒரு குடும்பத்தின் கதை

சில வருசத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன். கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை. தீபாவளிக்கு வந்தவருக்கு ஆணுறுப்பில் ஒரு சின்னப் புண். வலி இல்லை. டவுனில் ஒருவரிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மாதத்தில் புண் ஆறிவிட்டது. அவரும் மறந்துவிட்டார். அடுத்த வருசம் மனைவி கர்ப்பமானார். கிளினிக்கில் முதல் தடவை இரத்தம் எடுத்துச் சோதித்தபோது சிபிலிஸ் கிருமி இருப்பது தெரியவந்தது. மருத்துவிச்சி அம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார். அந்தக் கணவன் என்னிடம் வந்து கேட்டார்: "புண்ணு ஆறி ஒரு வருசமாச்சுங்க ஐயா. அப்புறம் எப்படி ரத்தத்துல இருக்கும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

புண் தானாகவே ஆறும்

சிபிலிஸ் கிருமி உடம்புக்குள் போய் ஏறக்குறைய 3 கிழமையில் ஒரு புண் வரும். வலிக்காது. பெண்ணுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் 3 முதல் 6 கிழமைக்குள் அது தானாக ஆறிவிடும். சூரணம் சாப்பிட்டவர் சூரணத்தால் ஆறியது என்பார். நேர்த்தி வைத்தவர் சாமி ஆற்றியது என்பார். கிருமியோ இரத்தத்தில் இருக்கும். சில மாதத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் கூடத் தழும்பு மாதிரிப் படை வரலாம். அதுவும் மறையும். பிறகு பல வருசம் ஒரு குறியும் இல்லாமல் கிடந்து, கடைசியில் இருதயத்தையும் மூளையையும் நரம்பையும் தாக்கலாம். கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம்.

வெட்டை என்கிற கொணோரியாவும் இப்படித்தான் ஏமாற்றும். ஆணுக்குச் சீழும் எரிச்சலும் வரும். பெண்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாது. கணவன் ஆனைநெருஞ்சிலோ இளநீரோ குடித்து எரிச்சலை ஆற்றிவிடுவார். மனைவிக்குக் கிருமி கருப்பை வழியாகக் கருக்குழாய்க்கு ஏறி, குழாய் அடைபட்டு, பிள்ளை இல்லாமல் போகலாம். அதற்குப் பிறகு லயத்தில் "மலடி" என்ற பேச்சை வாங்குவதும் அந்தப் பெண்தான். இது அநியாயம் அல்லவா?

பாதரசம் கவனம்

கொணோரியாக் கிருமியை 1879 இலும் சிபிலிஸ் கிருமியை 1905 இலும் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் ஐரோப்பியரும் பாதரசத்தைத்தான் பூசினார்கள், புகைபோட்டார்கள். நோயோடு பல்லும் விழுந்தது, சிறுநீரகமும் கெட்டது. 1943 இல் பெனிசிலின் ஊசியால் சிபிலிஸ் குணமாவதைக் காட்டிய பிறகு அவர்கள் பாதரசத்தைக் கைவிட்டார்கள். நம்ம பக்கம் இன்றைக்கும் சிலர் ரசம், லிங்கம், பூரம் சேர்ந்த பொடிகளை இரகசியமாக விற்கிறார்கள். பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடவேண்டாம். வாய்ப்புண், எச்சில் ஊறல், பல் ஆட்டம், நீர் குறைதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியானால் நாட்டு வைத்தியம் வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பரியாரியார் மருந்து கொடுக்கும்போது "இச்சாபத்தியம்" என்று ஒன்று சொல்வார். மருந்து முடியும்வரை ஆண் பெண் சேரக்கூடாது என்பது அதன் அர்த்தம். இன்றைய டாக்டரும் அதையேதான் சொல்கிறார். பசி இல்லாமைக்கும் உடம்பு தேறுவதற்கும் மலச்சிக்கலுக்கும் ஆயுர்வேத, சித்த வைத்தியரிடம் போகலாம். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வைத்தியர் இந்த நோயைக் கண்டால் தானே இரத்தச் சோதனைக்கு அனுப்புவார். கிருமியைக் கொல்வது ஆஸ்பத்திரி மருந்து. சிபிலிசுக்குப் பெனிசிலின் ஊசி. கொணோரியாவுக்கும் ஊசி உண்டு. எச்.ஐ.வி.க்கு முற்றாகக் குணம் இல்லை. ஆனால் தினமும் மாத்திரை எடுத்தால் நீண்ட காலம் சுகமாக வாழலாம். எந்த மூலிகையாலும் எச்.ஐ.வி. போகாது. போகும் என்று சொல்லிக் காசு கேட்பவரை நம்பவேண்டாம்.

தாய்மாருக்கு ஒன்று. வெள்ளை படுகிறது என்று வேப்பிலை, படிகாரம் என்று எதையும் உள்ளே வைக்கவோ ஊற்றிக் கழுவவோ வேண்டாம். உள்தோல் புண்பட்டால் கிருமி இன்னும் சுலபமாக நுழையும். நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

நாம் செய்யவேண்டியது

1. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது முதல் பாதுகாப்பு. அது முடியாத இடத்தில் ஆணுறை. அதை வாங்குவது வெட்கம் இல்லை, நோயை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் வெட்கம்.

2. ஒருவருக்கு நோய் என்றால் இரண்டு பேரும் ஒன்றாக மருந்து எடுக்கவேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் கிருமி திரும்ப வரும்.

3. கர்ப்பமானவுடன் கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. தாய்மார் கிளினிக்குக்குப் போனதால் கிடைத்த சான்று அது.

4. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017 முதல் அரசாங்கம் பாடசாலையில் போடுகிறது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசும் உடலுறவால்தான் பரவுகிறது. கடிதம் வந்தால் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

5. கண்டி, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, யாழ்ப்பாணம் என்று பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. காசு இல்லை. விசயத்தை வெளியில் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று நினைக்காதீர்கள். என்னிடமோ மருத்துவிச்சியிடமோ சொன்னால் காரணம் வெளியே தெரியாமல் லீவுக்கு வழி செய்யலாம்.

அந்தக் குடும்பத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது, சோதித்ததில் நோய் இல்லை. அந்தக் கணவன் அதன் பிறகு தன்னோடு வேலை செய்கிற இரண்டு பையன்களைத் தானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். புண் ஆறியதை நம்பி இருக்கவேண்டாம், இரத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொன்னாராம். நானும் உங்களுக்குச் சொல்வது அதையேதான்.