200 கி.மீ இடைவெளி... இரண்டு குழந்தைகள்... பன்றிக்காய்ச்சல் வைரஸ் சிக்கியது எப்படி?

ஒரு 10 வயதுச் சிறுவன், ஒரு 9 வயதுச் சிறுமி. 2009 மார்ச் கடைசியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் இருவருக்கும் காய்ச்சல், இருமல். இருவரும் குணமாகியும் விட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால், சிறுவனின் சளி மாதிரி ஒரு புதிய பரிசோதனைக் கருவிக்கான ஆய்வில் இருந்தது. சிறுமியின் மாதிரி ஃப்ளூ கண்காணிப்புத் திட்டத்தில் இருந்தது. ஏப்ரல் 15, 17 தேதிகளில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி, இரண்டிலும் இருப்பது ஒரே புது வைரஸ் என்று கண்டுபிடித்தது. அது பன்றிகளிடமிருந்து வந்த வகை. இரண்டு குழந்தைகளுமோ பன்றிகளை நெருங்கியதே இல்லை. இருவருக்கும் இடையே சுமார் 200 கி.மீ தூரம். அப்படியென்றால், நடுவில் எத்தனை பேருக்குப் பரவியிருக்கும்?

பதில் மெக்சிகோவில் இருந்தது. அங்கே பலரை முடக்கிய மர்மக் காய்ச்சலின் மாதிரிகள் கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்துக்குப் போயின. ஏப்ரல் 23-ல் முடிவு வந்தது. அதே வைரஸ்!

அடுத்த சில நாள்களில் வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் பகிரப்பட்டது. அதன் 8 மரபணுத் துண்டுகளில் 6, வட அமெரிக்கப் பன்றிகளிடம் சுற்றிய வைரஸிலிருந்து வந்தவை. மற்ற 2, ஐரோப்பா, ஆசியப் பன்றிகளின் வைரஸிலிருந்து வந்தவை. மரபணு மாற்றங்களை வைத்துக் கணக்கிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. உலகம் விழித்துக்கொள்வதற்குப் பல வாரங்கள் முன்பே அது மனிதர்களிடம் பரவத் தொடங்கியிருந்தது. துரத்தியவர்கள் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டார்கள்.

வைரஸ் விமானம் ஏறியது. மே 13-ல் அமெரிக்காவிலிருந்து ஹைதராபாத் வந்த பயணி ஒருவர் மூலம், இந்தியாவிலும் உறுதியானது. ஜூன் 11-ல் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என அறிவித்தபோது, பட்டியலில் 74 நாடுகள். ஒரு மாதம்தான்... ஜூலையில் அந்த நிறுவனம் நாடு வாரியாக நோயாளிகளை எண்ணி வெளியிடுவதையே நிறுத்தியது. ஆய்வகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பரிசோதனையில் உறுதியான மரணங்கள் 18,000-க்குச் சற்று அதிகம். ஆனால், முதல் 12 மாதங்களில் 1.5 லட்சம் முதல் 5.75 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2012-ல் சி.டி.சி தலைமையிலான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். பரிசோதனை செய்ய ஆய்வகம் இல்லாத ஊர்களில் இறந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.