நீரிறைக்கும் இயந்திரத்தைப் பேணுதல்

ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கிவிட்டால், வடபகுதித் தோட்டங்களிலே நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு ஓய்வு கிடைத்துவிடுகின்றது. துலாவும் சூத்திரமும் இருந்த கிணற்றடிகளில் 1950களிலும் 1960களிலும் இடம்பிடித்துக்கொண்டவை இந்தச் சிறிய எஞ்சின்கள். மின்சாரப் பம்பிகள் பரவிவிட்ட பின்னரும், மின்கம்பி எட்டாத காணிகளிலே பெற்றோலில் ஓடும் பம்பியே இன்றும் கைகொடுக்கின்றது.

மழை பெய்ததும் அதனைக் கொட்டிலின் மூலைக்கு நகர்த்திச் சாக்கொன்றினால் மூடிவிட்டு, தை பிறந்தபின் கயிற்றை இழுத்துப் பார்ப்பது நம்மவர் பலரின் வழக்கம். அப்பொழுது அது இயங்க மறுக்கும். தோள் வலித்ததே மிச்சமாகும். "நல்லாய் ஓடின மெசின், வைச்ச இடத்திலேயே பழுதாய்ப் போச்சுது" என்ற முறைப்பாட்டை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் சொல்வார். ஓடியதனாலே கெட்ட எஞ்சின்களிலும், சும்மா கிடந்து கெட்டவையே அதிகம் என்பது அவர்களின் அனுபவம். அதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது உள்ளே தங்கிவிட்ட பெற்றோல். அந்தப் பெற்றோலே கவனக்குறைவாக வைக்கப்பட்டால் வீட்டுக்கும் உயிருக்கும் கேடாகின்றது. ஆகவே பேணுதல், பாதுகாப்பு என இரண்டையும் வெவ்வேறாகப் பிரிக்காது ஒன்றாகவே கூற விரும்புகின்றேன்.

பெற்றோல் தனியொரு பொருளன்று. பல ஐதரோகாபன்களின் கலவை. வைத்திருக்க வைத்திருக்க, அதிலுள்ள இலேசான பகுதிகள் ஆவியாகிவிடுகின்றன. எஞ்சியவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பிசின் போன்ற பொருளாகின்றன. பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரினுள்ளே, தையல் ஊசியொன்று நுழையக்கூடிய அளவான துவாரம் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் 'ஜெற்' என்பது இதனையே. பிசின் ஒரு துளி படிந்தாலும் அத்துவாரம் அடைபட்டுவிடும். நமது வெப்பத்திலே ஒரு மாதம் கடந்தாலே பெற்றோலின் தரம் குறையத் தொடங்கும் எனக் கொள்வது நன்று.

எனவே ஒரு மாதத்துக்கு மேல் இயந்திரம் ஓய்ந்திருக்கும் என்றால், அதன் வயிற்றைக் காலியாக்கிவிட வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர், வெட்டவெளியிலே, அடுப்பும் பீடியும் அருகில் இல்லாத இடத்திலே, தாங்கியிலுள்ள பெற்றோலைக் கானொன்றில் வடித்தெடுத்துக்கொள்ளுங்கள். காபரேற்றரின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தினால், கிண்ணத்திலே தங்கியதும் வெளியேறிவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் பழைய வகை எஞ்சின்களை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டால், மறுநாள் தொடக்குவது இலகு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறைக்கு, தொடக்குவதற்கு மட்டும் ஊற்றிய அந்தச் சில துளிப் பெற்றோலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அடுத்து ஒயில். கறுத்துப்போன பழைய ஒயிலிலே அமிலத் தன்மை சேர்ந்திருப்பதனால், அதனுடனே மாதக்கணக்கில் வைத்திருப்பது உட்பாகங்களை அரிக்கும். எஞ்சின் இளஞ்சூடாய் இருக்கையில் அதனை வடித்துப் புதிய ஒயில் நிரப்புக. வடித்ததைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். சுண்ணக்கல் நிலத்தின் வெடிப்புகள் எதனையும் நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுசென்றுவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலையை நாம் மறந்துவிடலாகாது. பின்னர் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்தபின் பிளக்கைப் பூட்டுங்கள். இறுதியாக, கயிறு இறுகித் தடைப்படும் இடம்வரை இழுத்து நிறுத்திவிட்டால், வாயில்கள் இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று உட்புகாது. காற்று வடிகட்டி கடற்பஞ்சு போன்ற நுரைப் பொருளாலானதெனின் சவர்க்கார நீரிலே கழுவி நன்கு உலர்த்தலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. பம்பியினுள் தங்கிய தண்ணீரையும் வடித்துவிட வேண்டும்; கரையோரக் கிணறுகளின் உவர்நீர் இரும்பைத் தின்றுவிடும்.

இனி, வடித்தெடுத்த பெற்றோலை என் செய்வது? உடனே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிடுவதே சிறந்தது. 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டிலே வரிசைகளில் நின்ற மக்கள், கிடைத்ததை வீட்டிலே ஒளித்துவைக்கப் பழகினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் தட்டுப்பாடு தீர்ந்த பின்னரும் கட்டிலின் கீழ்க் கான் வைத்திருப்போர் இருக்கின்றார்கள். இதனை நான் ஒப்பமாட்டேன்.

மண்ணெண்ணெயைப் போலவே பெற்றோலையும் நினைப்பது பெருந்தவறு. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைந்தாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியை விடாது. பெற்றோலோ, பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை அளவிலேயே அத்தகைய ஆவியை விடுகின்றது. அவ்வாவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலால் கூரைக்கு எழாமல் தரையோடு ஊர்ந்து, குசினி அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிச் செல்லும். எரிவது ஓரிடம், கான் இருப்பது வேறோரிடம். வைத்தே தீரவேண்டுமெனின், பெற்றோலுக்கெனச் செய்யப்பட்ட மூடி இறுகிய கானில், முழுவதும் நிரப்பாமல், வீட்டுக்குப் புறம்பான நிழலான கொட்டிலில் வையுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றலாகாது. தவறுதலாகக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்றால் கேடு பெருகும். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தை மாதத்திலே இயந்திரம் மீண்டும் கிணற்றடிக்கு வரும்போது இன்னோர் ஆபத்து காத்திருக்கின்றது. எந்தப் பம்பியும் நடைமுறையில் ஏழு மீற்றர் அளவுக்கு மேல் நீரை உறிஞ்சி எடுக்க இயலாது. கோடை முற்றி நீர்மட்டம் இறங்க இறங்க, எஞ்சினையே கிணற்றின் உள்விளிம்பிலோ பலகையிலோ இறக்கிவைக்கிறார்கள். பெற்றோல் எஞ்சினின் புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு, ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான வலுவோடு அது இணைந்துவிடுவதனால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மனிதனே ஒட்சிசன் இல்லாமல் மயங்கி விழுகின்றான்.

கிணற்றினுள் இறங்குமுன் விளக்கொன்றை இறக்கி, அது அணையாவிட்டால் காற்று நல்லது என முடிவுசெய்வது நம் முன்னோர் வழக்கம். ஒட்சிசன் குறைந்த பாழ்க்கிணறுகளுக்கு அது பயனுள்ள சோதனைதான். ஆனால் காபனோரொட்சைட்டை அது காட்டாது. ஆயிரம் பங்கு காற்றிலே இரண்டு பங்கு இவ்வாயு இருந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். விளக்கோ அங்கே வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும். எனவே எஞ்சினைக் கிணற்றினுள் இறக்குவதையே கைவிட வேண்டும். நீர் ஆழத்துக்குப் போய்விட்ட கிணறுகளுக்கு நீரில் மூழ்கும் மின்பம்பியே ஏற்றது. செலவு கூடியதாயினும் வேறு வழியில்லை.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், அவரைத் தூக்க மற்றொருவர் பதறிக் குதிப்பதும், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர் இறங்குவதுமே ஒரு வீட்டில் பல சாவுகளை விளைவிக்கின்றன. எஞ்சினை மேலிருந்தே நிறுத்த இயலுமானால் நிறுத்துங்கள். விழுந்தவருக்கு நினைவிருந்தால் கயிறு விடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியையும், தீயணைப்புப் பிரிவினரையும் வரவழையுங்கள். மூச்சுக் கருவியணிந்தோர் வந்து சேரும்வரை எவரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். உடன்பிறந்தவராயினும் பிடித்து நிறுத்துங்கள்.