எல்.ஆரில் எழுதாத விலை

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்துவிட்டது. ஊருக்கு ரயில் இன்னும் வரவில்லை. திண்டிவனம்–திருவண்ணாமலை பாதைத் திட்டம் முடியாமலேயே வயதாகிக்கொண்டிருக்கிறது. அதனால் டிவி, இன்வெர்ட்டர், மைக் செட், மார்க்கெட் கமிட்டி பக்கத்து வியாபாரிகளின் எலெக்ட்ரானிக் தராசு எல்லாமே சாலை வழியாகத்தான் வர வேண்டும். நடுவில் குடோன் மாறும், வண்டி மாறும். சாலைக் குலுக்கலைவிட இந்த ஏற்றி இறக்குவதில்தான் பெட்டிகள் பலமாக அடிபடுகின்றன.

எல்.இ.டி. டிவியை நிமிர்த்தித்தான் கொண்டுவர வேண்டும். படுக்கவைத்து மேலே நாலு பெட்டியை அடுக்கினால் பேனல் போய்விடும். அட்டைப் பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. சுவிட்சைப் போட்டதும்தான் திரையில் கோடு விழும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி கீழே விழுந்தால் பக்கத்து போர்டையும் சேர்த்து உடைத்துவிடும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம், தீப்பிடிக்கலாம்.

எல்லாவற்றிலும் பொல்லாதது தராசு. அடியில் இருக்கும் லோடு செல் அடிபட்டாலும் விளக்கு எரியும், எண் ஓடும். எடை மட்டும் பொய் சொல்லும். எடைக்கல்லை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பழுது பார்த்த தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் மறுபடி முத்திரை வாங்காமல் வியாபாரம் செய்யவும் முடியாது.

'சார், சீக்கிரம் கையெழுத்து போடுங்க, அடுத்த லோடு நிக்குது' என்று டெலிவரிக்காரர் பறப்பார். பறக்கட்டும். பெட்டி நசுங்கியிருந்தால் அதை அவருடைய நகலிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிரிப்பதை, லேபிள் தெரிய, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். தெர்மாகோலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்; பேக்கிங் சரியில்லை என்று லாரி கம்பெனி கைவிரிக்கும்போது அதுதான் சாட்சி.

ஆனால் பாதிப் பேர் தோற்பது இங்கே அல்ல, புக்கிங் ஆபீஸிலேயே. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, நஷ்டம் கேட்பவர் லாரி கம்பெனியின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. கேட்க இனிக்கிறது. அதே சட்டத்தின் விதிகள், கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு நஷ்டஈட்டை வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. 30,000 ரூபாய் டிவிக்கு 300 ரூபாய் வாடகை என்றால் அதிகபட்சம் 3,000. எல்.ஆரில், அதாவது லாரி ரசீதில், விலையைக் குறைத்து எழுதியிருந்தால் எழுதிய விலைக்கு மேல் கிடைக்காது. வரிக்குப் பயந்து விலையைக் குறைத்துப் போடும் நம் வழக்கம் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது.

கூரியர் சீட்டின் பின்பக்கப் பொடி எழுத்தும் சாதாரணமில்லை. பாரதி நிட்டிங் கம்பெனி 1990இல் டிஎச்எல் கூரியரில் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணக் கவர் போய்ச் சேரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கு மேல் தரச் சொன்னது. டிஎச்எல் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட வரம்பு 100 டாலர், அவ்வளவுதான் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

ஆன்லைனில் வாங்கியவர்கள் பாடு தேவலை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அடுத்தது விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் உண்டு.

மறுவிற்பனைக்குச் சரக்கு வாங்கிய கடைக்காரருக்கு இந்தக் கதவு திறக்காது, அவருக்கு சிவில் கோர்ட்தான். திருவிழாவுக்குத் திருவிழா மைக் செட் கட்டித் தானே உழைத்துப் பிழைக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர், தொழிலுக்கென்றே ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். புகார் கொடுக்க அவர் விழுப்புரம் பஸ் ஏற வேண்டியதில்லை; இ-ஜாக்ரிதி தளத்தில் செல்போனிலிருந்தே பதிவு செய்யலாம்.